பாலத்தில் ஒரு பொய் போல்ட்

பட்டறைக்காரர் ஒரு காலத்தில் தன் மச்சானுக்கு அறுபதாயிரம் கடன்பட்டிருந்தார். மனைவியின் அண்ணன்தான், ஆனாலும் கடன் கடன்தானே. அந்தப் பணத்தில் வாங்கிய பழைய லேத்தை வைத்துக்கொண்டுதான் தலையெடுத்தார். வட்டியும் முதலுமாக அடைத்து முடித்த அன்று மச்சான் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு யாரிடமும் கை நீட்டியதில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷன் இன்று இரண்டு லேத், ஒரு துளை போடும் மெஷின், வெல்டிங் செட், சம்பளத்துக்கு ஆட்கள் என்று உட்கார்ந்திருக்கிறார் என்றால் சும்மாவா? படித்தவர்கள் காகிதத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கோட்டை இரும்பில் கொண்டுவர இவர் வேண்டும். இதை அவரே தினமும் சொல்லுவார். சொல்லத் தகுதி இருக்கிறது, சொல்கிறார்.

அவர் செய்ததிலேயே பெரிய வேலை, வாய்க்காலுக்கு மேலே நகராட்சிக்காகப் போட்டுக் கொடுத்த நடைபாலம். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கைப்பிடி, அதில் வரிசையாக ஆறுபட்டைத் தலை போல்ட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை பெயின்ட். இடது பக்கத்தை ஆட்கள் முறுக்கினார்கள். வலது பக்கம் முழுக்க அவரே நின்று முறுக்கினார். திறப்பு விழா அன்று வந்தவர்களை எல்லாம் வலது பக்கமாகவே நடத்திக் கூட்டிப் போனார்.

ஆனால் நகராட்சிக்காரர்கள் முழுப் பணத்தையும் கொடுத்துவிடவில்லை. ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, வருடம் முடிந்ததும் பாலத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றார்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் அவர் பட்டறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த கொட்டகையை விலை பேசியிருந்தார். கொட்டகைக்காரர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் மருந்துக்கடை அம்மா பட்டறைக்கு வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, உள்ளே கூடா இருக்கற மாதிரி ஒரு போல்ட் செஞ்சு தரணும். வெளியில பார்த்தா தெரியவே கூடாது."

"போல்ட்டு இருக்கறதே கெட்டியா பிடிக்கத்தானேம்மா. உள்ளே கூடு எதுக்கு?"

அவள் விளக்கினாள். ஊரெல்லாம் ஆட்கள் விளையாடும் விளையாட்டாம் அது. ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் குறியை இணையத்தில் போட்டுவிடுவாராம். மற்றவர்கள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வந்து தேடுவார்களாம். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

"கிடைச்சா என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கிடைக்காது. கண்டுபிடிச்சோம்ங்கற சந்தோஷம்தான்."

மரை கழன்ற கூட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் அவள் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பியதைப் பார்த்ததும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டார். கருங்கல் துண்டு ஒன்று. திருப்பினால் அடியில் மாத்திரை டப்பா. காய்ந்த மரக்கிளை ஒன்று. முடிச்சைப் பிடித்து இழுத்தால் கழன்று வந்தது. ரப்பர் பல்லி ஒன்று, அதன் வயிற்றுக்குள் குழல். சுவரில் ஒட்டினால் மின்சார சுவிட்ச் என்றே நினைக்க வைக்கும் ஒரு பெட்டி. எல்லாம் அவளே செய்ததாம். மருந்து கட்டிக் கொடுக்கும் நேரம் போக இதே வேலையாம்.

"சுமாரா இருக்கு," என்றார். "மரத்துலயும் ரப்பர்லயும் யார் வேணா செய்வாங்க. இரும்புல செஞ்சு காட்டறேன் பாரு."

பாலத்து போல்ட் மாதிரியே இருக்கட்டும் என்று அவள் சொன்னபோதாவது அவர் யோசித்திருக்க வேண்டும். அவருக்கோ அது பாராட்டாகக் காதில் விழுந்தது. பாலத்து வேலையில் மிச்சமான போல்ட்டையே எடுத்து உள்ளே குடைந்தார். தட்டினால் கெட்டிச் சத்தம் வர வேண்டும் என்று உட்சுவரில் ஈயம் பூசினார். தலையின் மேல்தகட்டை மட்டும் மூடியாக்கினார். சின்னப் பிள்ளைகள் திறக்க முடியாத மருந்து பாட்டில் மூடியைப் போல, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே இடது பக்கம் திருப்பினால்தான் அது திறக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினாலும் அசையாது. மேலே பாலத்துக்கு அடித்த அதே பச்சை பெயின்ட். "இதை நானே தேடினாலும் கிடைக்காது," என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார். தன் வாயால் தனக்கே சூனியம் வைத்துக்கொண்டது அப்போது தெரியவில்லை.

கொஞ்ச நாளில் நகராட்சிப் பொறியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. பாலத்தில் போல்ட்டுகள் ஆடுகின்றன, இரண்டைக் காணவே காணோம் என்றாள் அந்தப் பெண். வெள்ளிக்கிழமை பரிசோதனைக்கு வருவதாகவும், ஒரு போல்ட் சரியில்லை என்றாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் தன்மையாகவே சொன்னாள். அந்தத் தன்மைதான் அவரை உட்கார விடவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்துக்கு ஓடினார். அங்கே, பளபளக்கும் காலணியும் கழுத்தில் வங்கி அடையாள அட்டையுமாக ஒரு ஆள் கைப்பிடிக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

"வெளிச்சமா? எந்திரிடா முதல்ல. என்ன பண்ணிட்டிருக்க?"

"இதுல ஒண்ணு டூப்புங்க ஐயா. எதுன்னுதான் தெரியல. போன வாரம் வந்தவங்க எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துதான் எடுத்தாங்களாம்." எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். "செஞ்சவன் பெரிய கில்லாடி."

அந்தக் கில்லாடி நான்தான் என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். வங்கிக்காரனைப் பாலத்தைவிட்டு விரட்டினார்.

மருந்துக்கடை பூட்டியிருந்தது. மகளின் பிரசவத்துக்காக அந்த அம்மா வெளியூர் போயிருந்தாள். கைப்பேசியில் பிடித்துக் கத்தினார். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். பாலத்தையே கழற்றுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். இப்போதே இணையத்தில் விளையாட்டை நிறுத்திவிடுகிறேன் என்றாள். போல்ட் இருக்கும் இடத்தையும் சொன்னாள். விளக்குக் கம்பம் நட நகராட்சி விட்டுவைத்த காலி ஓட்டைகளில், படிக்கட்டுப் பக்கத்து ஓட்டையில்தான் அதைச் சொருகி, நட்டைக் கையால் முறுக்கி வைத்திருந்தாள்.

சொன்ன இடத்தில் போல்ட் இருந்தது. கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, விட்டது தலைவலி என்று பட்டறைக்கு வந்தார். திறந்து பார்க்கலாம் என்று அழுத்தித் திருப்பினார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். கட்டை விரல் சிவந்தது. கடைசியில் இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தே பார்த்துவிட்டார். உள்ளே கூடும் இல்லை, சீட்டும் இல்லை. அசல் போல்ட்.

அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. எல்லாவற்றையும் கழற்றிய புண்ணியவான்கள் திரும்பப் பூட்டும்போது மாற்றிப் பூட்டிவிட்டார்கள். அசல் காலி ஓட்டைக்குப் போய்விட்டது. பொய் போல்ட் இப்போது கைப்பிடியில் எங்கேயோ நின்றுகொண்டு பாலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூத்த ஆள் சமாதானம் சொன்னான். "விடுங்க முதலாளி. காணாமப் போன ரெண்டுக்குப் புதுசு போட்டு, எல்லாத்தையும் இறுக்கிடலாம். அந்தப் பொறியாளர் அம்மா தட்டிப் பார்த்தாக்கூட தெரியாது. நீங்க செஞ்சதாச்சே."

"தெரியாதுங்கறதுதான்டா பிரச்சினையே. நாளைக்கு ஒரு புள்ளைத்தாச்சி அதுல சாய்ஞ்சு நிப்பா. அவளுக்கு இது எவன் செஞ்ச வேலைன்னு தெரியுமா?"

ஆட்களுக்கு மறுநாளைக்கு விடுமுறை கொடுத்துவிட்டார். விஷயம் வெளியே போனால் மானம் போகும். விடிந்ததும் தனியாளாகப் பாலத்துக்குப் போய், கைப்பிடியின் ஒவ்வொரு போல்ட்டாகக் கட்டை விரலால் அழுத்தித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டே போனார். நடைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள். ஒருவர் வர்ம வைத்தியமா என்று கேட்டார். இன்னொருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். தேடி வந்த ஒரு புதுத் தம்பதி, "நீங்களும் தேடறீங்களா அங்கிள்? சேர்ந்து தேடலாமா?" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விளையாட்டு முடிந்துபோச்சு, வீட்டைப் பார்த்துப் போங்கள் என்று அவர்களைக் கிளப்புவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மதியம் ஆனபோது கட்டை விரலில் தோல் உரிந்திருந்தது. இடது பக்கத்தைத் தலையிலிருந்து வால்வரை பார்த்து முடித்து, மறுபடி வாலிலிருந்து தலைவரை பார்த்தார். இல்லை.

மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். பட்டறைக்கு இரும்பு வாங்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவள்தான். கொஞ்ச நேரம் நின்று அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தப் பக்கம் பார்த்தாச்சா?"

"அது நான் முறுக்கினது. நான் முறுக்கினதை எவனாலயும் கழட்ட முடியாது. உனக்கு என்ன தெரியும், பேசாம உட்காரு."

அவளுக்கு அவரைத் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். அவள் பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தான் பூட்டிய கதவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இரண்டு தடவை வீடு திறந்தே கிடந்திருக்கிறது.

"நான் கண்டுபிடிச்சா என்ன தருவீங்க?"

"நீ மட்டும் இதைக் கண்டுபிடி, அஞ்சாயிரம் எண்ணி உன் கையில வைக்கறேன்." எரிச்சலில் வாயிலிருந்து வந்ததுதான்.

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வலது பக்கம் போனாள். படியேறியதும் வருகிற முதல் தூணில், திறப்பு விழா அன்று எல்லார் முன்னாலும் அவர் முறுக்கிக் காட்டிய மூட்டிலேயே கட்டை விரலை வைத்து அழுத்தினாள். திருப்பினாள். மூடி கையோடு வந்தது.

பட்டறைக்காரர், திறப்பு விழா அன்றைக்குக் கூட்டமாக இருந்தது, ஸ்பேனர் பழசு, வெயில் வேறு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் காதில் வாங்காமல் உள்ளே சுருண்டிருந்த சீட்டைப் பிரித்து, கடைசியாக எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம், கடைசியில் காலி ஓட்டையில் கிடைத்தது, செய்த கைக்கு வளையல் போடலாம், வலது பக்கம் முதல் போல்ட்டுக்கு மட்டும் ஸ்பேனரில் இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தது.

"பார்த்தியா," என்றார். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ரெண்டு பேர்."

"பார்த்தேன் பார்த்தேன். சாப்பிடுங்க."

சாப்பிட்டு முடித்ததும் அங்கேயும், காணாமல்போன இரண்டு இடத்திலும் புது போல்ட் போட்டு முறுக்கினார். வலது பக்கத்தில் மீதி இருந்ததை எல்லாம், முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து இறுக்கினார். பொய் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொறியாளர் வந்து சுத்தியலால் தட்டினாள், ஸ்பேனர் போட்டுப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். அவர் அவளை வலது பக்கமாகவே கூட்டிப் போனார். போல்ட் ஆடிய காரணத்தை அவள் கேட்டபோது, சட்டைப் பையிலிருந்ததை எடுத்து நீட்டி நடந்ததைச் சொல்லிவிட்டார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் பாலத்தின் ஜாடையில் எதையும் யாருக்கும் செய்து தராதீர்கள் என்று கண்டித்தாள். கண்டித்துவிட்டு, இது எப்படித் திறக்கும் என்று கேட்டாள். அவர் காட்டவில்லை. அழுத்திப் பார்க்கச் சொன்னார். அவளால் திறக்க முடியவில்லை. அந்த ஒரு நிமிஷம்தான் அந்த வாரத்திலேயே அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலமே மருந்துக்கடை அம்மா அழைத்தாள். பேத்தி பிறந்திருக்கிறாளாம். பிறகு கொஞ்சம் இழுத்தாள். பாலம் பக்கமே போக மாட்டாளாம், தன் கடைத் தோட்டத்திலேயே வைப்பதற்கு, தண்ணீர் வராத ஒரு பொய்க் குழாய் செய்து தர முடியுமா என்று கேட்டாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, செத்தாலும் முடியாது என்றார். கைப்பேசியை வைக்கப் போனவர் திரும்பக் காதில் வைத்து, "குழாய்னா பித்தளையா, இரும்பா?" என்றார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் நகராட்சிப் பணம் வங்கிக்கு வந்தது. மொத்தமாக எடுத்துக்கொண்டு மனைவியோடு கொட்டகைக்குப் போனார். கொட்டகைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் கட்டைப் பிரித்து, விரலை நனைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். அப்போது குறுக்கே ஒரு கை வந்தது. மனைவியின் கை. உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருந்தது.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாமே," என்றார் தணிந்த குரலில்.

"எண்ணி வைக்கறேன்னுதானே சொன்னீங்க."

கொட்டகைக்காரர் சாவியை ஆட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பட்டறைக்காரர் பெருமூச்சு விட்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து, ஆயிரம் ஆயிரமாக அந்தக் கையில் வைத்தார். நாலாவது ஆயிரம் வந்ததும் கொஞ்சம் தயங்கினார். அவள் கையை மடக்கவில்லை. ஐந்தாவதையும் வைத்தார்.