வியாழக்கிழமை ஒரு மணி வண்டி

எங்கள் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு பஸ்ஸைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல என்னைவிடத் தகுதியானவன் கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். காலையில் டிரைவர்கள் என் கடையில்தான் நேரம் வைத்துக்கொண்டு போவார்கள். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்பது பஸ் முதலாளிகளைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு மிதப்பு.

யாராவது கேட்டால் இப்போதும் சில விஷயங்கள் சொல்வேன். பஸ் எப்போது வரும் என்று கேட்காதீர்கள், போய்விட்டதா என்று கேளுங்கள். அதற்கு மட்டும்தான் இங்கே உண்மையான பதில் கிடைக்கும். நார்த்தாமலைக் கோயிலுக்குப் போவதென்றால் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கீரனூரில் இறக்கிவிட்டு, முன்னாடியே சொல்லக் கூடாதா என்று உங்கள் மேலேயே பாய்வார். பாறையில் ஏற வேண்டியிருக்கும், தண்ணீர் கொண்டுபோங்கள். விராலிமலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளென்றால் முதலாளிகள் பஸ்ஸைக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்டாண்டில் அதை யாரும் எழுதிப் போட மாட்டார்கள். இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று வியாழக்கிழமை, முகூர்த்தம். காலையில் ஆலங்குடி நேர் வண்டியின் டிரைவர் கடைக்கு வந்தார். பஸ்ஸின் முன்னால் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தது. நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணமாம்.

"விடியக்காலத் தாலிண்ணே, பந்தி முடிஞ்சதும் பொண்ணு மாப்பிள்ளையக் கூட்டியாறதுதான். மதியம் ஒரு மணி ட்ரிப்புக்குக் கரெக்டா வந்துருவேன்" என்றார்.

பன்னிரண்டரைக்கு ஊரெல்லாம் சுற்றிப் போகும் ஆலங்குடி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கையில் மஞ்சள் பையோடு அதில் ஏறி உட்கார்ந்திருந்தார். மானாமதுரைப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது ஆலங்குடிதான போகுது? மகளக் கட்டிக்குடுத்த ஊரு அதுக்கு ஒரு மைல் இங்கிட்டு. ரொம்ப முடியலைன்னு தந்தி வந்துச்சு. இப்பதான் மொத மொதல்ல வாரேன்."

அவர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். நான் கதவருகே போய் நின்றுகொண்டேன்.

"இதுல போகாதீங்கய்யா. இது முந்திரிக்காடெல்லாம் சுத்தி, நின்னு நின்னு ரெண்டே முக்காலுக்குத்தான் ஒங்க மக ஊரு ரோட்டுக்குப் போகும். ஒரு மணிக்கு நேர் வண்டி இருக்கு. ரெண்டு மணிக்கெல்லாம் எறங்கிரலாம்."

அவர் தயங்கினார். "ஏறிட்டேனே தம்பி" என்றார். நான் விடவில்லை. பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து இறக்கினேன். டிரைவர் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றிக் கிளப்ப, அந்த வண்டி எங்கள் முன்னாலேயே போனது. ஒரு மனிதருக்கு முக்கால் மணி நேரம் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மணி ஆயிற்று. நேர் வண்டி வரவில்லை. ஒன்றேகாலும் ஆயிற்று. அவர் கடையில் முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய கடிகாரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. தலைக்கு மேலே காலண்டர் தொங்கியது. வியாழக்கிழமை, ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. காலையில் நான்தான் தாளைக் கிழித்தேன். பந்தி முடியச் சற்றுத் தாமதமாகி ஒன்றரையைத் தொட்டுவிட்டால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மூன்று மணிக்கு முன்னால் யாரும் வண்டியேற்ற மாட்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை செய்தது தவறு. அடுத்துச் செய்ததற்கு வேறு பெயர். கடலை மூட்டை இறக்கிவிட்டு ஆலங்குடிக்கே காலியாகத் திரும்பும் லாரி ஒன்று தெருமுனையில் நின்றது. டிரைவர் எனக்குத் தெரிந்தவர். ஒரு குரல் கொடுத்தால் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். ஆனால் அதற்கு நான் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டே என்னிடம் நேரம் கேட்கிறது, நான் எப்படிச் சொல்வது?

"வந்துருமாங்க?" என்று கேட்டார்.

"இந்தா, இப்ப வந்துரும்ங்கய்யா" என்றேன்.

லாரி இரண்டு மணிக்கு முன்பே போய்விட்டது. நான் குனிந்து ஒரு கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றே முக்காலுக்கு வாழை மரம் ஆட நேர் வண்டி வந்தது. டிரைவர் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. "பந்தி லேட்டாயிருச்சுண்ணே, பெறகு ராகு காலம்னு விடமாட்டேன்னுட்டாக" என்று சிரித்தார். மஞ்சள் பைக்காரரைத் தனியே அனுப்ப மனம் கேட்காமல், கடையைச் சாத்திவிட்டு நானும் கூட ஏறினேன். வழியெல்லாம் அவர் மகளைப் பற்றியே பேசினார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவர் மடியில்தான் படுக்குமாம். அவர் கொடுத்தால்தான் கஞ்சி குடிக்குமாம்.

வண்டியை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பியதும் ஒப்பாரி கேட்டது. நாலு மணிக்கு முடிந்துவிட்டிருக்கிறது. நாங்கள் போனபோது ஐந்து. அவர் ஓடவில்லை. பையை என் கையில் கொடுத்துவிட்டு மெல்ல உள்ளே போய் மகள் தலைமாட்டில் உட்கார்ந்தார். மகளின் மாமியார் அவர் எதிரே உட்கார்ந்து அழுதாள்.

"மதியம் வரைக்கும் நல்லாப் பேசுச்சு. ரெண்டே முக்கா பஸ்ஸு ஹாரன் கேட்டதும், எங்கப்பா வந்துட்டாக, போய்க் கூட்டிட்டு வாங்கன்னுச்சு. ஆளனுப்பிப் பாத்தோம். யாரும் எறங்கலைன்னு சொன்னோம். அதுக்கப்புறம் அது பேசல."

நான் வாசலில் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்விடலாம் என்று தோன்றியது. கையில் அவருடைய பை இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"அந்தத் தம்பிக்குத் தண்ணி குடுங்க. வேலையப் போட்டுட்டு என்கூட வந்துச்சு. அது இல்லேன்னா இம்புட்டு நேரத்துக்குக்கூட நான் வந்து சேந்திருக்க மாட்டேன்."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி முழுவதையும் குடித்தேன்.