பேண்டு செட்டு இல்லாத ஊரில் மாதா

இந்த ஊர்க் கோயிலில் நான் முதன்முதலாக வாய்விட்டு ‘ஆமென்’ சொன்னபோது, முன்வரிசையில் இருந்த கிழவியம்மாள் திரும்பிப் பார்த்தார். கைப்பையைத் திறந்தார். இருமலுக்குச் சப்புகிற மிட்டாய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் ஒன்றும் கத்திவிடவில்லை. கடலூர் பழைய டவுனில், ஓ.டி. என்று நாங்கள் சொல்கிற இடத்தில், எங்கள் பங்குக் கோயிலில் சொல்கிற அளவில் பாதிதான் சொன்னேன். அங்கே ஆமென் என்றால் கூரையில் இருக்கிற புறா எழுந்து பறக்க வேண்டும். இங்கே ஆமென் என்பது உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே முடிந்துபோகிற சொந்த விவகாரம். ‘டாங்கே’ என்று நன்றி சொல்லி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். இதைச் சப்பிக்கொண்டே நற்கருணை வாங்கப் போகலாமா கூடாதா என்று யோசித்ததில் பாதிப் பூசை போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். குமார் கீரப்பாளையத்துக்காரர், நெல் போடுகிற இந்துக் குடும்பம். சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் லேபில் நானும் அவரும் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்து, காதலித்து, இரண்டு வீட்டிலும் திட்டு வாங்கிக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் ஜெர்மனியின் தெற்குக் கோடியில் மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். என்னைவிட ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிறவர் அவர்தான். பக்தியெல்லாம் இல்லை. பூசை முடிந்ததும் மண்டபத்தில் காபியும் கேக்கும் கொடுப்பார்கள். ஆனாலும் ஒரு விஷயம் அவருக்குப் பொறுக்கவே இல்லை. “எங்க சிதம்பரத்துல சாமியே ஒத்தக் கால்ல நின்னு ஆடுது. இங்க என்னாடான்னா மனுசன் ஒருத்தன்கூட அசைய மாட்டேங்கறான். உசுரோடதான் இருக்காங்களான்னு போய்த் தொட்டுப் பாக்கட்டுமா ஸ்டெல்லா?” என்பார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாதா கோயில் திருவிழா நோட்டீசில் ‘ஆடம்பரத் தேர்பவனி’ என்றுதான் அச்சடிப்பார்கள். மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஆடம்பரமா என்று யாரும் கேட்டது கிடையாது. கேட்டால் அடி விழும். தேர் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால், மேலே போகிற கம்பியில் உச்சி இடித்துவிடக் கூடாதென்று கரண்டை நிறுத்துவார்கள். தெரு முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள் மேல்பட்டாம்பாக்கத்து பேண்டு செட்டு, அளவு சரியில்லாத சிவப்புக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு, ஏதோ குத்துப் பாட்டு மெட்டில் மாதா பாட்டை ஊதிக்கொண்டு வரும். தெற்கே இருந்து காற்றடித்தால் சிப்காட் நாற்றமும் சாம்பிராணியும் ஒன்றாக வரும். பிறகு மூலையில் வெளிச்சம் திரும்பும். மாடி வீடுகளின் உயரத்துக்கு, சீரியல் பல்புகளுக்கு நடுவே, மாதாவின் முகம் வரும். கையில் வைத்திருக்கிற உப்பையும் மிளகையும் எல்லோரும் தேர் மேல் எறிவோம். நம் கஷ்டம் உப்பு மாதிரிக் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். எதிர்வீட்டு இந்துக்களும் எறிவார்கள். முன்னால் ஒருவர் தொண்டை கிழிய ‘மரியே!’ என்பார். தெருவே ‘வாழ்க!’ என்னும்.

அந்த நிமிஷத்தில் எனக்கு அது வரும். வேறு பெயர் தெரியவில்லை, ‘அது’ என்றே வைத்துக்கொள்கிறேன். முதலில் பயம். முதுகுத்தண்டில் சில்லென்று ஏறும். கையில் மயிரெல்லாம் நட்டுக்கொள்ளும். அந்த முகத்தைப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. பிறகு அந்தப் பயம் அப்படியே புரண்டு சந்தோஷமாகிவிடும். சிரிப்பேன், அழுவேன், மூக்கு ஒழுகும், பக்கத்தில் நிற்பவர் யாரென்று பார்க்காமல் கட்டிக்கொள்வேன். ஒருமுறை அப்படிக் கட்டிக்கொண்டது எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியாரை. அவரும் அழுதுகொண்டிருந்ததால் தப்பித்தேன். கல்யாணமான புதிதில் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே என் மாமியாரைப் பார்த்தேன். சாதாரணமாகச் சிரிக்கவே யோசிக்கிற பெண்மணி, கன்னமெல்லாம் நனைந்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றார். அடடா, இவருக்கும் அது வருகிறது என்று கண்டுகொண்டேன். அதற்கப்புறம்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

ஜெர்மனிக்கு வந்த பிறகு அது வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்கும் இல்லை, ஈஸ்டருக்கும் இல்லை. லேபில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. எது எதைச் செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்ப்போம். இங்கே எனக்காக யாரோ அதையேதான் செய்திருந்தார்கள். பேண்டு செட்டை எடுத்தாயிற்று. கூட்டத்தை, பல்பை, வியர்வையை, சத்தத்தை எடுத்தாயிற்று. மாதா மட்டும் மிச்சம். வருகிறதா என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருஷம் என்னை உலுக்கியது யார்? மாதாவா, மேல்பட்டாம்பாக்கத்து டிரம்பெட்காரரா? உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். நான் பிரசங்கம் கேட்டு நம்பினவள் இல்லை, பிரசங்கத்தில் தூங்குகிறவள். அது வெறும் மேளச் சத்தம் என்றால், மொத்தமும் போயிற்று.

“மாதாவோ, மோளமோ, எதுவா இருந்தா என்னா? வந்துச்சா இல்லியா, அதப் பாரு” என்றார் வீட்டுக்காரர்.

“இப்ப வரலியே மாமா” என்றேன்.

பிப்ரவரி தொடக்கத்தில் மெழுகுவர்த்தித் திருநாள். வருஷத்தில் அன்றைக்கு மட்டும் இந்த ஊரில் மாதா சுரூபத்தை, கீழே இருக்கிற மண்டபத்திலிருந்து மேட்டில் இருக்கிற கோயில் வரை தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவையும் வரவில்லையென்றால் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு போன் செய்து பவனியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“மாதா தெருவுக்கு வருதுன்னா வெறுங்கையோட நிக்காதடி. உப்பு மெளகு போடு.”

“இங்க யாரும் போட மாட்டாங்கம்மா.”

“அவுங்க போடலன்னா உனக்குக் கை இல்லியா?”

அன்று மாலை தரையெல்லாம் பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சின்ன மரத்து மாதா. தூக்குவதற்கு நாலு ஆட்கள். பின்னால் மெழுகுவர்த்தியோடு கொஞ்சம் கிழவர்கள், கொஞ்சம் கிழவிகள். பூட்ஸ் சத்தம் தவிர ஒரு சத்தமில்லை. எங்கள் ஊரில் சாவு ஊர்வலத்துக்குக்கூட இதைவிடக் களை இருக்கும். நான் ஓரமாக நின்று, மாதா கிட்டே வந்ததும் கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி அள்ளி விசிறினேன். உப்பு மாதாவின் காலில் பட்டுத் தரையில் கொட்டியது. மிளகு, மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றியிருந்த ஒருவரின் மொட்டைத் தலையில் பட்டுத் தெறித்தது. கோயிலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை ஹூபர் ஐயா கையை உயர்த்தினார். மொத்த ஊர்வலமும் நின்றது. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். உப்பைக் காலால் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இந்த நாட்டில் பனி உருகிப் பாதை வழுக்காமல் இருக்க உப்பு போடுவார்கள். கிழவிகள் விழக் கூடாதென்று நான் போட்டதாக அவர் முடிவு கட்டிவிட்டார். ரொம்ப நல்ல காரியம், ஆனால் இது போதாது என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்கு ஓடி, ஒரு வாளி நிறையக் கல்லுப்பைக் கொண்டுவந்து என் கையில் மாட்டினார். ஒரு மிளகைப் பொறுக்கி எடுத்து, இது எதற்கு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, ‘நாய்க்கு’ என்றார். நாய்கள் கோயில் சுவரில் காலைத் தூக்குவது ஹூபர் ஐயாவின் வாழ்நாள் துக்கம். ‘ஸேர் கூட்!’, ரொம்ப நல்லது, என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எல்லோரையும் பார்த்து, இந்த அம்மாள் உப்பு போட்டுக்கொண்டு முன்னால் போகட்டும், மாதா பின்னால் வரட்டும் என்று அறிவித்தார்.

எங்கள் ஊரில் பங்குப் பேரவைத் தலைவருக்கே அந்த இடம் கிடைக்காது. வாளியில் கையை விட்டுப் பிடி பிடியாக எறிந்துகொண்டு மேடேறினேன். ‘நாய்க்கு’ என்றது நினைவுக்கு வந்து சிரிப்பு முட்டியது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கைக்கெட்டுகிற தூரத்தில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அந்த மர முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகுத்தண்டு சில்லிட்டது. ஐயோ, அதே பயம். யாருக்கு வழி விட்டுக்கொண்டு நடக்கிறேன் என்பது என் புத்திக்கு முன்னால் என் முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது. பயம் புரண்டது. சந்தோஷம் நெஞ்சை அடைத்துக்கொண்டு மேலே வந்தது. ‘மரியே!’ என்று கத்திவிட்டேன்.

அந்தப் பள்ளத்தாக்கு அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. பூட்ஸ் சத்தம்கூட நின்றுவிட்டது. ‘மரியே’ என்று கத்திவிட்டுப் பதில் வராமல் நிற்பது இருக்கிறதே, அதைப்போல ஓர் அநாதை நிலை உலகத்தில் கிடையாது. அப்போது கடைசி வரிசையிலிருந்து, இந்த வயலில் நின்றுகொண்டு அந்த வயலில் மடையை அடைக்கச் சொல்கிற கீரப்பாளையத்துக் குரலில், என் வீட்டுக்காரர் ‘வாழ்க!’ என்றார். கோயில் வாசல் வரை விடவில்லை. நான் கத்த, அவர் பதில் சொல்ல, அழுது சிரித்து மூக்கொழுகிப் போய்ச் சேர்ந்தேன். வாளியைப் போட்டுவிட்டு முதலில் அகப்பட்டவரைக் கட்டிக்கொண்டேன். அது பங்குச் சாமியார். அவர் அழவில்லை. ஆனால் விலகவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் பார்த்தேன். பேண்டு செட்டு இல்லை, கூட்டம் இல்லை, ஆனாலும் வந்தது. “நான் வாழ்கன்னு சொன்னனே, அத எதுல சேப்ப?” என்றார் அவர்.

“அது கத்துறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு மாமா.”

“அப்ப நான் சும்மாவா?”

“நீங்க பதில் சொல்லலன்னா அங்கயே செத்துருப்பேன்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அதிலிருந்து பனி விழுகிற காலையெல்லாம் ஹூபர் ஐயா போன் செய்கிறார். கோயில் படிகளுக்கு உப்பு போடுவது என் வேலை என்று ஊரே தீர்மானித்துவிட்டது. போய்ப் போடுகிறேன். ஒவ்வொரு பிடிக்கும் வாய்க்குள் ‘மரியே’ என்கிறேன். கிழவிகள் அதன் மேல் மிதித்து ஏறி, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது எல்லா நாளும் வருவதில்லை. வருகிற நாளில் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுகொள்கிறேன்.

போன திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தோம். கரண்டை நிறுத்தினார்கள். அம்மா என் இரண்டு கையிலும் உப்பும் மிளகும் கொட்டினாள். பேண்டு செட்டு எங்களைக் கடந்தது, மூலையில் வெளிச்சம் திரும்பியது. அது வந்தது, ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அழுதேன், சிரித்தேன், தெருவோடு சேர்ந்து ‘வாழ்க’ என்று கத்தினேன். சுற்றிலும் எல்லாக் கைகளும் மேலே எறிந்துகொண்டிருந்தபோது, அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏன்டி, மாதா மேல இருக்குது. நீ என்னாத்துக்குத் தரையில போட்டுக்கிட்டு இருக்க?”

குனிந்து பார்த்தேன். பகலெல்லாம் வெயில் குடித்து இன்னும் சுட்டுக்கொண்டிருந்த தார் ரோட்டில், தேர் வருகிற வழியில், ஓர் இடம் விடாமல் உப்பைத் தூவி வைத்திருந்தேன். ஜனங்கள் வெறுங்காலோடு அதை மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

“யாராவது வழுக்கி விழுந்துடப் போறாங்கம்மா” என்றேன்.