அன்டூவில் போன மனு

அன்று நான் வேலைபார்க்கும் கம்ப்யூட்டர் கடையில் நானும் பாப்பாத்தி அக்காவும்தான் இருந்தோம், முதலாளி இல்லை. பிரசவவலி வந்த மகளைத் தொட்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்ததைச் சொல்லி, ஊருக்கு ரோடு கேட்டு மனு அடிக்க அக்கா வந்திருந்தார். அவர் மூச்சுவிடாமல் சொல்ல, நான் நிறுத்தாமல் அடித்தேன். கடைசியாக அடித்த சொல்லை நீக்க, செய்ததைத் திருப்பும் அன்டூவை அழுத்தினேன், மனுவே மறைந்தது. நிறுத்தாமல் அடித்த எல்லாவற்றையும் டைப் செய்யும் எடிட்டர் ஒரே சொல்போல எண்ணியிருக்கிறது. பதறி வேறு எழுத்தை அடித்ததால், போனதை மீட்கும் ரீடூவிலும் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"மிஷின் மறந்தா மறக்கட்டும் கண்ணு, எனக்கு மறக்குமா?" என்றார்.

இம்முறை நான் சேவ் செய்யச்செய்ய நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பேத்தி வழியிலேயே பிறந்ததைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்தார். முதல்முறை என் கண் கீபோர்டிலேயே இருந்திருக்கிறது.

அதற்குள் ரோடு முடியும் இடம்வரை போகும் அவருடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை எனக்கும் சேர்த்து அவரே டீ வாங்கினார். பஸ் போனது என்னால், காசு கொடுத்தது அவர்: இரண்டு டீ, இருபது ரூபாய்.