தளும்பாத சொம்பு

அந்தப் பித்தளைச் சொம்பின் வாய் ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். போன மாதம் மகள் புதுக் கார் வாங்கியதும் பரணிலிருந்து அதைத்தான் முதலில் இறக்கச் சொன்னேன். "காருக்கு எதுக்கும்மா சொம்பு?" என்றாள். புளி போட்டுத் தேய்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருவுக்கு முதல் காரைக் கொண்டுவந்தவர் என் மாமனார். அப்பப்பா, அதற்குத்தான் எத்தனை செல்லம்! சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடமாட்டார். சம்பந்தியே வந்தாலும் வேட்டியைத் தட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். வெயிலில் முதுகு ஒட்டிக்கொள்ளும், பிரேக் போட்டால் ஆளே வழுக்கிக்கொண்டு போவோம். டயரிலோ லாரிக்கு அடிக்கிற மாதிரி காற்று. "டயரு கல்லாட்டம் இருந்தாதான்டா வண்டிக்கு மரியாத" என்பார். மருமகளான என்னிடம் அவர் நேராகப் பேசியதே இல்லை. எனக்கும் அவரிடம் பயத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

அதற்கு முன்பே எனக்கு இரண்டு கரு கலைந்துபோயிருந்தன. மூன்றாவது ஏழாம் மாதத்தில் இருந்தபோது, வந்து பார்த்த டாக்டரம்மா, "சாயங்காலத்துக்குள்ள டவுன் ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. ஆனா உடம்பு குலுங்கவே கூடாதுங்க" என்று சொல்லிவிட்டார். ரோடோ மேடும் பள்ளமும். நான் அழுதேவிட்டேன்.

மாமனார் நேராக அடுக்களைக்குப் போனார். சொம்பில் விளிம்புவரை தண்ணீர் மொண்டு, மடியில் வைத்துக்கொண்டு, நான் படுக்கவேண்டிய பின்சீட்டில் தாமே ஏறிக்கொண்டார். என் கணவர் ஏரிக்கரை வரை ஓட்டித் திரும்பினார். இறங்கும்போது வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. தெருவே சிரித்தது. "காத்த எறக்குடா. ஜாஸ்தியா இருக்குது" என்றார். பிளாஸ்டிக்கைத் தம் கையாலேயே கிழித்தெறிந்தார். முன்சீட்டை முன்னுக்குத் தள்ளி, கிடைத்த இடைவெளியில் இலவம்பஞ்சு மெத்தையைத் திணித்தார். ஓட்டுகிறவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"வலிக்குதுப்பா."

"வலிக்கட்டும். ஓட்டு."

மறுபடி ஏரிக்கரை, மறுபடி கொஞ்சம் காற்று கம்மி. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கடைசியில் சொம்பு அநேகமாக அப்படியே நிறைந்து வந்தது. வாசலில் நின்று, "இப்ப வாம்மா" என்றார். என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போனோம். முன்னால் உட்கார்ந்திருந்த மாமனார் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. மடியிலிருந்த சொம்புத் தண்ணீரையே பார்த்தார். அது லேசாக அசைந்தால், "மெதுவாடா" என்பார். வழியில் ஒரு திருப்பத்தில், எங்கள் பக்கத்தில் சாமியாகவே கும்பிடுகிற மலை முழுசாகத் தெரியும். மாட்டு வண்டியில் போனாலும் நிறுத்தி இறங்கிக் கும்பிடுகிற மனிதர் அவர். அன்று மலை வந்தது, நகர்ந்தது, போயும் விட்டது. அவர் கை சொம்பை விடவில்லை, கண்ணும் நிமிரவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த மனிதரா! பிள்ளை தங்கிவிடும் என்று அந்த இடத்திலேயே நம்பினேன்.

அன்று வயிற்றில் இருந்தவள்தான் இப்போது கார் ஓட்டுகிறாள். டயரில் காற்று எவ்வளவு என்று திரையே சொல்கிறது. பொத்தானைத் தொட்டால் சீட்டு தானாக நகர்கிறது. எல்லாம் சரிதான். ஆனாலும் முதல் ஓட்டத்துக்குச் சொம்பை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டேன். அந்தத் திருப்பம் வந்தது.

"அம்மா, மலை! கும்பிடலயா?"

"கும்பிட்டாச்சுடி" என்றேன். என் இரண்டு கையும் சொம்பின் மேல்தான் இருந்தன.