ஞானராஜ் அண்ணன் கேட்காத பாட்டு

செய்தியைக் கொண்டுவந்தவள் அஞ்சலை. குரோம்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். அன்று கூடை இல்லாமல் வந்து வாசலில் நின்றாள். "அண்ணா, பிடில் சார் பூட்டாரு. விடிகாலைல நெஞ்சுவலியாம். எங்க லில்லி அய்துகினே கீது" என்றாள். நான் தபேலாவுக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மேலும் இழுத்துக்கொண்டே இருந்தேன். ஞானராஜ் அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால், "அளவா இழு தபேலா, அறுந்துடப் போகுது" என்றிருப்பார். என் பெயர் அவருக்குக் கடைசிவரை தபேலாதான்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் வாசிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் பின்வரிசை வயலின். பேர் திரையில் வராது, வரவேண்டுமென்று அவர் ஆசைப்பட்டதும் இல்லை. மேற்குத் தாம்பரத்து வீட்டிலிருந்து தினமும் மின்சார ரயில். உட்கார இடம் கிடைத்தால் வயலின் பெட்டியை அங்கே வைத்துவிட்டு இவர் நின்றுகொண்டு வருவார். கேட்டால், "சீசன் டிக்கெட் அதுக்குத்தான்பா, நான் சும்மா துணைக்கு வர்றேன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்கார்டிங் இருக்காது. நாங்கள் சில வாத்தியக்காரர்கள் சேர்ந்து நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தோம். அதைக் கெடுத்தவர் அண்ணன்தான். அறுபதுகளின் நடுவில் ஒருநாள், கிழக்குத் தாம்பரத்தில் இருந்த பிள்ளைகள் இல்லத்துக்கு எங்களை இழுத்துப்போனார். பெற்றவர்கள் இல்லாத, இருந்தும் வளர்க்க முடியாத பிள்ளைகள். அண்ணன் பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுத்தார், நான் தாளம், கிளாரினெட்காரர் தனக்குத் தெரிந்த படம் வரைதலையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வாரம் என்றுதான் போனோம். பிறகு சீட்டுக்கட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை.

அந்த இல்லத்திலிருந்து பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு வளர்க்கக் கொடுப்பார்கள். அண்ணன் வார்டனம்மாவிடம் சொல்லி ஒரு நிபந்தனை போடவைத்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளையை ஞாயிறு மாலை பாட்டு வகுப்புக்குக் கொண்டுவந்து விட வேண்டும். "புது வீடு கிடைச்சதுக்காகப் பழைய ஃப்ரெண்ட்ஸை விட்டுடணுமா என்ன?" என்று கேட்டார். சிட்லபாக்கத்திலிருந்தும் அஸ்தினாபுரத்திலிருந்தும் அந்தப் பிள்ளைகள் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வருவது ஒரு காட்சி. வந்ததும் தங்கள் பழைய இடத்துக்கு ஓடிப்போய் நின்றுகொள்வார்கள்.

இத்தனை நல்லவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அவரே என்னிடம் பலமுறை சொன்னதுதான், அதனால் மறைக்க ஒன்றுமில்லை.

ஸ்டுடியோவில் எங்களுக்கு ஒரு பழக்கம். கோரஸில் ஒரு குரல் சுருதி விலகினால் டேக் முழுக்க வீண். அதனால் அந்த ஆளின் காதில் மெல்ல, "வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிடுவோம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், சம்பளம் வந்துவிடும். இல்லத்தில் லில்லி என்று ஒரு பெண் இருந்தாள், எட்டு ஒன்பது வயது. பாட்டென்றால் உயிர், சுருதியென்றால் ஆகாது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு முந்தின ஒத்திகையில் அண்ணன் ஸ்டுடியோ ஞாபகத்தில் அவள் பக்கம் குனிந்து, "கண்ணு, நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டார். அவள் தலையாட்டினாள்.

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு தம்பதி லில்லியை எடுத்துப்போகப் பாதி மனதாக இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவள் பாடுவதைப் பார்த்து, பிடித்திருந்தால் அன்றே கூட்டிப்போகத்தான் நிகழ்ச்சிக்கு வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும், பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருந்த அந்த அம்மாள் அவளிடம், "நீ பாடவே இல்லையேம்மா, ஏன்?" என்று கேட்டார். "சார் வேணாம்னாரு" என்றாள் லில்லி. பிள்ளையிடம் ஏதோ குறை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். தனியாக ஒரு பாட்டு பாடிய வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் வாத்தியங்களைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வராந்தாவில் லில்லியின் சின்ன தகரப் பெட்டி பூட்டி, கயிறு கட்டித் தயாராக இருந்தது. வார்டனம்மா அதைத் திரும்ப உள்ளே தூக்கிப்போனார்.  அன்று ரயில் பாதையைத் தாண்டும்போது அண்ணன், "நான் டேக் எடுத்துட்டு இருந்தேன் தபேலா. அங்க நின்னது சின்னப் பொண்ணு" என்றார்.

பிறகு லில்லியை எடுத்துப்போனவள் இதே அஞ்சலை. இல்லத்துச் சமையலறைக்கு மீன் கொடுக்க வந்துகொண்டிருந்தவள். குழந்தை இல்லை. அண்ணன் அவளிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். "பாடாட்டி இன்னா சார்? நான் இன்னா கச்சேரியா வெக்கப்போறேன்? எனக்குப் பொண்ணு வோணும்" என்றாளாம். பள்ளிக்கரணையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் கூட்டிவந்தாள்.

லில்லியும் தவறாமல் கடைசி வரிசையில் நின்றாள். வாயை மட்டும் அசைத்தாள். அண்ணன் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "சத்தமா பாடும்மா, நான்தான் சொல்றேன்ல" என்பார். "பாடிகினுதான் சார் கீறேன்" என்பாள் மரியாதையாக. அதற்குப் பிறகு அவர் நிகழ்ச்சிகளில் தனிப்பாட்டையே எடுத்துவிட்டார். சுருதி சேராத பிள்ளைகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். "வாயைத் திறந்து பாடுங்க, சுருதி எங்கேயும் ஓடிடாது" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். வகுப்பு கன்னாபின்னாவென்று ஒலிக்கும். இசை தெரிந்த விருந்தினர்கள் நெளிவார்கள், இவர் சந்தோஷமாக வில்லை இழுப்பார். ஆனால் அந்த வார்த்தை யாருக்காகப் பிறந்ததோ அவளிடம் மட்டும் அது போய்ச் சேரவில்லை.

"வூட்டாண்ட பாடுது சார், மீனு ஆயும்போது" என்று ஒருநாள் அஞ்சலை சொல்லிவிட்டாள். அடுத்த நாளே மனிதர் ரெக்கார்டிங்கை விட்டுவிட்டுச் சைக்கிளில் பள்ளிக்கரணைக்குப் போனார். வீட்டுக்குப் பின்புறமிருந்து குரல் வருவதுபோல் இருந்ததாம். சைக்கிளை ஸ்டாண்ட் போட்ட சத்தத்தில் நின்றுவிட்டது. லில்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க சார்" என்று பாய் போட்டாள். "அவ பாடுறா தபேலா. நான் போனா நிறுத்திடுறா" என்று என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

அடக்கத்துக்கு இல்லத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். வளர்ந்து குடும்பமானவர்களும் வந்தார்கள். குழிக்கருகே அவர் கற்றுக்கொடுத்த பாட்டைத்தான் பாடினார்கள், அவருக்குப் பிடித்த அதே கன்னாபின்னாவில். நான் லில்லியின் பக்கத்தில் நின்றேன். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, உதடுகள் ஒரு சொல் விடாமல் அசைந்தன. சத்தம் வரவில்லை. அஞ்சலை அவள் தோளைத் தொட்டு, "இப்பவாச்சும் பாடேன்டி" என்றாள். "வரமாட்டேங்குது மா" என்றாள் லில்லி.

வகுப்பை நாங்கள் நிறுத்தவில்லை. அவர் இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். லில்லியே வந்து சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தருகிறாள், பிறகு பின்னால் போய் நின்றுகொள்கிறாள். அண்ணனின் வயலின் அவர் வீட்டில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரே வாக்கியம். "வாயைத் திறந்து பாடுங்க, சுருதி எங்கேயும் ஓடிடாது" என்று வாராவாரம் பிள்ளைகளிடம் சொல்கிறேன். சொல்லும்போது கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாதென்றுதான் நினைக்கிறேன். பார்த்துவிடுகிறேன்.