சூசையின் பிக்கப்பில் ஒரு ‘டொக்’

வாகனம் திருத்தும் தொழிலில் பாதி வேலை ஸ்பானரால் நடக்கிறது, மீதிப் பாதி வாகனக்காரர் சொல்வதை நம்பாமல் இருப்பதால் நடக்கிறது. பழைய பிக்கப்போடு குடும்பம் நடத்தும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் உங்கள் மெக்கானிக்கிடம் பொய் சொன்னவர்கள்தான்.

என் கராஜ் மன்னாரில், கீரிக் கடற்கரைக்குப் போகும் தெருவில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிக்கப்புகள் பின்பக்கமாகக் கடலுக்குள் இறங்கி, வள்ளத்திலிருந்து மீன் ஏற்றுபவை. கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டுக்கு ஷாப்ட் என்று பெயர். அதன் இரண்டு முனையிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சிலுவை வடிவ மூட்டு ஒன்று உண்டு; அதைக் குறோஸ் என்போம். உப்புத்தண்ணீர் புகுந்தால் கிறீஸ் போகும். கிறீஸ் போனால் குறோஸ் தேயும். குறோஸ் தேய்ந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் வாகனக்காரர் றேடியோவைக் கூட்டி வைப்பார்.

கடலுக்கு மட்டும் வரும் சத்தம்

சூசைக்கு விடியற்காலையில் மீன் ஏற்றுகிற வேலை. அது முடிந்ததும் அதே பிக்கப்பின் பின்னால், நண்டு உடைக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி அக்கரையிலுள்ள வேலைத்தளத்துக்குப் போவான். அந்தப் பெண்களில் ஒருத்தி வசந்தி, என் மனைவி. ஆகவே இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

முதல் கியரிலிருந்து றிவேர்ஸுக்கு மாற்றினால் அடியில் ‘டொக்’ என்கிறது என்று ஒருநாள் சூசை வந்தான். கராஜில் அவன் மாற்றிக் காட்டியபோது ஒரு சத்தமும் இல்லை. உறங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல் கிளச்சை விட்டால் எப்படி வரும்? நானே ஏறியிருந்து சாதாரணமாக விட்டேன். ‘டொக்’ என்றது, கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஆடியது. எவ்வளவு நாளாக இது என்று கேட்டேன்.

“கோயிலுக்குப் போகேக்க கேக்கிறேல்லை அண்ணை. கடலுக்குப் போகேக்கதான் கேக்கும்.”

சுறா எண்ணெய் வைத்தியம்

சில்லுகளுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, அடியில் படுத்து ஷாப்ட்டைக் கையால் திருகிப் பார்த்தேன். மூட்டின் ஒரு பக்கம் அசைந்தது, மறுபக்கம் சும்மா இருந்தது. குறோஸைச் சுற்றிச் செங்கல் தூள்போல் துரு. இதற்குமேல் சாட்சி வேண்டாம். மாற்றாமல் ஓடக் கூடாது என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று போனவன் ஒரு கிழமை கழித்து வந்தான். சத்தம் நின்றுவிட்டது என்றான்.

திரும்ப அடியில் படுத்தேன். நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. எங்கிருந்தோ இரண்டு பூனைகளும் வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டன. மர வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் குறோஸில் ஊற்றியிருக்கிறான். உள்ளே ஊசி ஊசியாக இருக்கிற பெயரிங் அரைபட்டுப் போனபிறகு எந்த எண்ணெய் ஊற்றியும் பிரயோசனமில்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

“எங்கட அப்பான்ர வள்ளம் இந்த எண்ணெயிலதான் இண்டைக்கும் கிடக்குது. வள்ளத்துக்குச் சரியெண்டா இதுக்கென்ன அண்ணை?”

மடுவுக்குப் போய் வந்த அத்தாட்சி

பிறகு, காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயில் திருவிழா வந்தது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகப்போகிறேன், வந்து மாற்றுவோம் என்றான். போகமுதல் மாற்றினால்தானே வந்து சேரலாம் என்றேன். மாதா பார்த்துக்கொள்ளுவா என்றான். மாதாவுக்கு எத்தனை பேரின் கண்ணீரைப் பார்க்கவேண்டியிருக்கிறது, இவனுடைய குறோஸையும் அவவா பார்ப்பது? எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. போனான், வந்தான். வந்த கையோடு என் கராஜ் வாசலில் நிறுத்தி, இறங்காமலே சொன்னான்:

“உங்கட கதைப்படி பாத்தா நான் இப்ப நடுக்காட்டில எல்லோ நிக்கவேணும்?”

வீட்டுச் சாட்சி

பிக்கப்பின் பின்னால் இருந்து போகிறவர்களுக்குத்தான் உண்மை தெரியும். வேகம் எடுத்தால் பலகை நடுங்குகிறது, பல்லோடு பல் அடிக்கிறது என்று வசந்தி சொன்னாள். அது கடைசிக் கட்டம். ஷாப்ட் கழன்று விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இனி அதில் ஏறாதே என்றேன். ஏறாவிட்டால் வேலைக்கு எப்படிப் போவது என்றாள். ஓட்டோ பிடிக்கலாமே என்றேன்.

“உங்கட ஓட்டோவை மழைக்கு முன்னம் கழட்டினனீங்கள். முதல் அதைப் பூட்டுங்கோ.”

பாலத்தில்

இரண்டாம் நாள் காலை சூசை போன் எடுத்தான். “சத்தம் சுத்தமா நிண்டிட்டுது அண்ணை. ஆனா வாகனமும் நிண்டிட்டுது” என்றான். பெண்கள் எங்கே என்று கேட்டேன். பதில் வருமுன் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

பாலத்து ஏற்றத்தில் ஷாப்ட் ஒரு முனை கழன்று தாரில் கிடந்தது. எங்கள் கடற்கரைப் பிக்கப் எதிலும் ஹான்ட்பிறேக் வேலை செய்யாது, உப்பு தின்றுவிடும்; கியரில் போட்டுவிட்டு இறங்குவதுதான் வழக்கம். சூசையும் கியரில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறான். ஷாப்ட் இல்லாத வாகனத்தைக் கியர் எப்படிப் பிடிக்கும்? வசந்தி இன்னும் பின்னால் இருக்க, பிக்கப் மெல்லப் பின்னுக்கு உருண்டிருக்கிறது. இறங்கி நின்ற பெண்கள் கூடித் தாங்கி, சில்லுக்குக் கீழே மீன் பெட்டியையும் அகப்பட்டதையெல்லாம் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் வசந்தியைத்தான் முதலில் தேடினேன். அவள் தெருவோரம் நின்று சேலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கொண்டுமில்லை. நல்ல கல்லொண்டு வச்சிட்டு, சில்லுக்குக் கீழ கிடக்கிற என்ர சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் தாங்கோ.”

உத்தரவாதம்

ஷாப்ட்டின் மறுமுனையைக் கழற்றமுதல் அடையாளம் கீறி, பெயரிங் கோப்பைகளைச் சுத்தியலால் அடிக்காமல், இறுக்கிப் பிடிக்கும் வைஸில் வைத்து அழுத்தி, இரண்டு குறோஸும் புதிதாகப் போட்டேன். கடலுக்குள் இறங்கினால் நல்ல தண்ணீரில் கழுவி, கிறீஸ் அடிக்கவேண்டும் என்றேன். சூசை முதல்முறையாக ‘சரி அண்ணை’ என்றான்.

அடுத்த நாள் காலை பெண்கள் ஏற மறுத்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். காட்டினான். ஒரு சத்தமும் இல்லை. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்குள் மூத்தவரான செபமலர் அக்கா தலையை ஆட்டினார்: பாலத்திலும் சத்தம் நின்றபோதுதானே ஷாப்ட் விழுந்தது, சத்தமில்லாத வாகனத்தை எப்படி நம்புவது? சூசை என்னைப் பார்த்தான். நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் முதல் ஆளாக ஏறி, மீன் பெட்டியைத் தள்ளிப் பக்கத்தில் இடம் விட்டாள்.

“பூட்டினது நீங்கள்தானே. பாலம் தாண்டுமட்டும் நீங்களும் ஏறி இருங்கோ.”

குறோஸ் பூட்டுவது கராஜில் முடிகிற வேலை என்று இத்தனை காலம் நினைத்திருந்த நான், மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டினால்தான் அது முடிகிறது என்பதை, மீன் பெட்டிகளுக்கு நடுவே வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போனபோது தெரிந்துகொண்டேன்.