எலுமிச்சம்பழம் நசுங்காத கார்

என் மச்சினனின் காரில் ஏறினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் இறங்கத்தான் முடியும், கிணற்றில் இறங்குவதுபோல. முதலில் பின்புறத்தை உள்ளே அனுப்ப வேண்டும், பிறகு தலையை மடக்க வேண்டும், கடைசியில் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வருவதற்கு ஆள் உதவி தேவை. என் சுற்றளவுள்ள ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, தன்னிடம் படித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு காரிலிருந்து பிரசவமாகி வெளியே வருவது நல்ல காட்சியல்ல.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறான். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, அதன் ஸ்பிரிங்குகளை வெட்டி, வயிறு தரையைத் தடவும் அளவுக்குத் தாழ்த்தி வைத்திருந்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டுக்கு இப்படியொரு கார் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"நாள் பூரா லொறியில ஒசக்க உக்காந்து பள்ளத்தப் பாத்துக்கிட்டே ஓட்டுறேன் மாமா. வயித்தக் கலக்குது. நம்ம சொந்த வண்டியாச்சும் தரையோட இருக்கட்டுமே."

பெரிய பெரிய கொள்கைகளுக்கே இதைவிடப் பலவீனமான காரணங்கள்தான் இருக்கின்றன. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனாலேயே கார்களைப் பற்றி உறுதியான கருத்துகள் உண்டு. ஆனால் அவற்றைக் காருக்குப் பக்கத்தில் நடந்துகொண்டுதான் சொல்ல முடிந்தது. நேர் ரோட்டில் பறக்கும் வண்டி, எங்கே மேடு வந்தாலும் நிற்கும். "மாமா, கொஞ்சம் எறங்கிக்கிடுங்க, அடி தட்டும்." நான் இறங்குவேன். கார் பெருமூச்சு விட்டு எழுந்து மேட்டைத் தாண்டும். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் அந்தக் காரில் போனேன் என்பதைவிட, அதனுடன் போனேன் என்பதே சரி.

அவனுடைய மனைவி தலைப்பிரசவத்துக்குப் பொகவந்தலாவைப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. தாயையும் பிள்ளையையும் தன் காரிலேயே ஹட்டனுக்கு அழைத்து வர வேண்டும் என்பது மச்சினனின் ஆசை. குழந்தை பிறக்குமுன்பே அந்த ஆசை பிறந்துவிட்டது. பின்சீட்டுக்குப் புது உறை தைத்தான். வெயில் படாமலிருக்கக் கண்ணாடிக்குத் திரை மாட்டினான். மழையும் மூடுபனியுமான எங்கள் மலையூரில் வெயிலுக்குத் திரை மாட்டுவது அதீத முன்னேற்பாடுதான், ஆனாலும் தகப்பனாகப் போகிறவனிடம் வானிலை பேசக்கூடாது.

குழந்தையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். முந்தின நாள்தான் முன்டயர் இரண்டையும் மாற்றியிருந்தான். பழைய டயர்களை வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போலவே இருந்தன. குனிந்து உள்விளிம்பைப் பார்த்தால்தான் தெரியும், ரப்பர் போய்க் கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்கு நான் கட்டிப்போகும் வேட்டியும் அப்படித்தான். கிழிசல் எந்த மடிப்பில் இருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று மச்சினன் யோசிக்கவில்லை. "டயருன்னா தேயத்தானே செய்யும்" என்று நானும் ஒரு தத்துவத்தை உதிர்த்து விஷயத்தை முடித்துவைத்தேன்.

சம்பந்தியம்மா, அதாவது மச்சினனின் மாமியார், இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்தெடுப்பவர். என்னைவிட வயதில் இளையவர்தான். இருந்தாலும் அவர் முன்னால் போகும்போது சட்டைப் பொத்தான்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வேன். புது டயர் என்று கேள்விப்பட்டதும் தட்டோடு லயத்து வீட்டிலிருந்து இறங்கி வந்தார். ரோட்டோரப் பிள்ளையார் கோவில் முன்னால் காரை நிறுத்தச் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முன்சக்கரச் சில்லு இரண்டுக்கும் அடியில் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"மெதுவா எடுங்க மாப்ள."

கார் நகர்ந்தது. பழம் நசுங்கும் சத்தத்துக்குக் காத்திருந்தோம். இடப்பக்கத்துப் பழம் சில்லுக்கு அடியிலிருந்து தவளை மாதிரி வெளியே துள்ளியது. அதைப் பார்த்துப் பழகிய தம்பியைப்போல வலப்பக்கத்துப் பழமும் தன் பக்கமாகத் துள்ளியது. ஒன்று ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தது. மற்றது தோலில் ஒரு கீறலும் இல்லாமல் சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய் மறைந்தது. வேறு இரண்டு பழம் கொண்டுவரச் செய்து மறுபடி வைத்தார். அவையும் அதே வழியில் போயின.

சம்பந்தியம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"சாமி ஏத்துக்கல. பச்சப்புள்ளய இந்தக் கார்ல ஏத்த மாட்டேன் மாப்ள. நீங்க வருத்தப்பட்டாலும் சரி."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அப்படி இல்ல சம்பந்தியம்மா," என்றேன், "உருண்டையான பொருளு, அதுவும் காய் பதத்துல இருந்தா, அழுத்துறப்ப வழுக்குறது இயற்கைதான்..."

"நீங்க படிச்சவங்க சம்பந்தி. நீங்க தாராளமா ஏறிக்கிட்டுப் போங்க. புள்ள வராது."

மச்சினன் இன்ஜினை அணைத்தான். தேயிலைக்குள் இறங்கி, தேடி, உருண்டோடிய பழத்தை எடுத்து வந்தான். திரும்பும் வழியெல்லாம் அது ஸ்டியரிங்குக்கு முன்னால் இங்கும் அங்கும் உருண்டுகொண்டே வந்தது. மேடு வந்தபோது என்னை இறங்கச் சொல்லவில்லை. காரின் வயிறு கல்லில் உராய்ந்து அலறியது. அடுத்த மேட்டிலும் அப்படியே. அவன் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த வாரமே ஹட்டனில் எலைன்மென்ட் பார்த்துச் சில்லுகளை நேராக்கும் பாஸிடம், எங்கள் ஊரில் மெக்கானிக்கை அப்படித்தான் அழைப்போம், காரைக் கொண்டுபோனோம். பாஸ் பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். நாலு சில்லிலும் எதையோ மாட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். எல்லா இலக்கங்களும் சிவப்பாக இருந்தன. என் வகுப்பின் கணக்குப் பாடப் பெறுபேறுகள் ஞாபகம் வந்தன.

"ஒரு சில்லு நோர்வூட்டுக்குப் போவுது, மத்தது கினிகத்தேனைக்குப் போவுது," என்றார் பாஸ். "நடுவுல நீ எங்கடா போற?"

மச்சினன் எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னான். பாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, முன்சில்லின் தலையைத் தட்டிக் காட்டினார்.

"இங்க பாரு. ஸ்பிரிங்க வெட்டுனதுல சில்லோட தல உள்ளுக்குச் சாஞ்சிருச்சு. உள்பக்கம் மட்டுந்தான் ரோட்ட அழுத்துது, வெளிப்பக்கம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிது. பழம் தொறந்த பக்கமாத்தான் துள்ளும். ஒன் மாமியா சொன்னது சரி. இது புள்ள ஏத்துற வண்டியா? புது டயரும் இப்பிடியே தேஞ்சு கம்பி தெரிஞ்சு எறக்கத்துல வெடிச்சா என்னாத்துக்கு ஆவுறது?"

"திசைய மட்டும் நேராக்கித் தாங்களேன் பாஸ். ஒசரம் இப்பிடியே இருக்கட்டும்."

"ஆக்கித் தாறேன். தேயிறது கொறையும், நிக்காது. பழமும் துள்ளும். நல்ல ஸ்பிரிங் மாட்டி ஒசத்தணும். ஒசத்துனதுக்குப் பொறகுதான் எலைன்மென்ட். முன்னாடி செஞ்சா அம்புட்டும் வீண்."

"எம்புட்டு ஒசத்தணும்?"

"நாலு விரல்."

"ஒரு விரல்."

"ஒரு விரல்ல என்னாடா செய்யிறது? சுண்ணாம்பு தொட்டு வெத்தல போடலாம்."

"சரி, ரெண்டு."

"மூணுக்குக் கொறஞ்சா நான் கைய வைக்க மாட்டேன்."

மீன் கடையில்கூட இப்படிப் பேரம் நடந்து நான் பார்த்ததில்லை. "ரெண்டரை" என்று சமாதானம் செய்து பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவர்களுக்குள் முதன்முறையாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

அப்போது மச்சினனின் ஃபோன் அடித்தது. அவன் மனைவி. கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"அம்மா வேன் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கெழம காலையில நானும் பாப்பாவும் அதுல வந்துருவோம். நீங்க வேணும்னா பின்னாடியே ஒங்க கார்ல வாங்க."

"ம்," என்றான்.

ஃபோனை வைத்துவிட்டு முன்சில்லுக்கு எதிரே குந்தினான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விரலை வைத்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், நாலு விரலே போடுங்க."

"ஒன் விரலா, என் விரலா?"

"ஒங்க விரலு. அதுதான் தடிப்பு."

புது ஸ்பிரிங் ஏறியது. சில்லின் சாய்வைத் திருத்தும் போல்ட் மாட்டப்பட்டது. கடைசியில் திசை நேராக்கப்பட்டது. சிவப்பு இலக்கங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறியதைப் பாஸ் பெருமையாகக் காட்டினார். மச்சினன் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு திரும்பினான். முற்றத்தில் வைத்து ஏற்றினான், நசுங்கியது. பின்னுக்கு எடுத்து வேறு பழம் வைத்தான், அதுவும் நசுங்கியது. சாறு பாஸின் காற்சட்டையில் தெறித்தது.

"போதும்டா! என் கடைய ஊறுகாக் கடையாக்கிறாத!"

வெள்ளிக்கிழமை வேன் வருவதற்கு முன்பே போய்விட்டோம். வழியில் ஒரு மேட்டில்கூட என்னை இறக்கிவிடவில்லை. காருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோகும் அளவுக்குச் சொகுசாக இருந்தது. சேதி தெரிந்து, பிள்ளையார் கோவிலடியில் சம்பந்தியம்மா தட்டோடு நின்றார். நாங்கள் கொண்டுபோன பழங்களை அவர் தொடவில்லை. தன் மடியிலிருந்து இரண்டு எடுத்தார், இரண்டும் கல் மாதிரிக் காய். சில்லுக்கு அடியில் தன் கையாலேயே வைத்தார்.

"எடுங்க."

பட். பட்.

சம்பந்தியம்மா குனிந்து, சப்பையாகக் கிடந்த பழத்தை விரலால் புரட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் மற்றதையும் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து, "தம்பி, வேன் வேணாம்பா," என்றார். மச்சினன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்தால் நாங்கள் பார்த்துவிடுவோம் என்று பயந்திருப்பான்.

பின்சீட்டில் தாயும் பிள்ளையும். பக்கத்தில், காரைப் பற்றிய விசாரணை இன்னும் முற்றாக முடியவில்லை என்பதுபோல, சம்பந்தியம்மா. முன்சீட்டில் குழந்தையின் குளிக்கிற பேசின், துணிமூட்டை, தொட்டில் கயிறு. மச்சினன் என் முகத்தைப் பார்த்தான்.

"மாமா..."

"தெரியும். மேடு வருது, எறங்கிக்கிடணும்."

"இல்ல மாமா. ஹட்டன் வரைக்கும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. மச்சினன் சொன்னதில் தப்பில்லை. நோர்வூட் வருவதற்கு முன் அவனைப் பிடித்துவிட்டோம். ரோட்டில் கிடந்த காய்ந்த இலைக்குக்கூட ஒதுங்கி, கார் ஊர்ந்துகொண்டிருந்தது.

"பறக்குற பார்ட்டில்ல இது?" என்றார் கண்டக்டர், எட்டிப் பார்த்து. "என்னா, எறும்பு மாதிரி ஊருது? பெட்ரோல் முடிஞ்சிருச்சோ?"

"உள்ள பச்சப்புள்ள தூங்குது," என்றேன்.

அந்த ரோட்டில் ஹோன் அடிக்காமல் எந்த பஸ்ஸும் எந்த வாகனத்தையும் தாண்டியதில்லை. கண்டக்டர் முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தட்டினார்.

"அண்ணே, அடிக்காதீங்க. சும்மா போங்க."